அரைக்கால் அங்குலம்

பௌடர் ரிவர் கணவாய் ஏறும்போது
நாலாவது வளைவில் என் வண்டிக்கு மூச்சு வாங்கும்.
ஐந்தாவது கியரிலிருந்து நாலு,
நாலிலிருந்து மூன்று.
முன்னால் மாட்டு லாரி.
பலகை இடுக்குகளில் ஈர மூக்குகள்
என்னைப் பார்த்தபடி நகரும்.
அதற்குள் தியா உச்சியில் நிறுத்தி
கையுறை கழற்றி
ஃப்ளாஸ்க் மூடியில் காபி ஊற்றியிருப்பாள்.
"வந்துட்டியா, லவோன்."
அவ்வளவுதான் சொல்வாள்.
மிச்சத்தைக் காலி மூடி சொல்லும்.

பதினோரு கோடை இப்படி.

வெண்டலின் பட்டறை
ஒரு காலத்தில் ஆட்டு மயிர் கத்தரித்த கொட்டகை.
மழை நாளில் ஆயிலை மீறிக் கம்பளி நாறும்.
என் இரண்டு சிலிண்டரையும் கழற்றிப்
பழைய துண்டின்மேல் வைத்திருந்தான்,
குளிப்பாட்டிய பிள்ளைகளைப் போல.
எண்பத்தெட்டு கன அங்குலம்.
அறுபத்தோராயிரம் மைல் ஓடியும்
உட்சுவரின் பின்னல் கோடு அழியவில்லை.
"இதுக்கு ஒரு நோயும் இல்ல," என்றான்,
மருந்து விற்கிறவன் சொல்லக் கூடாததை.

பிறகு இரண்டு தாள் கொடுத்தான்.

முதல் தாளில் தொண்ணூற்றைந்து.
இதே சிலிண்டரைக் குடைய வேண்டும்.
விட்டத்தில் அரைக்கால் அங்குலம்:
இந்தப் பக்கம் ஒரு வீசம், அந்தப் பக்கம் ஒரு வீசம்.
புது பிஸ்டன், கொஞ்சம் முரட்டு கேம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

மற்றதில் நூற்றிருபத்து நாலு.
புது சிலிண்டர், புது கிராங்க்,
அவை உட்கார எஞ்சின் கூட்டையே குடைய வேண்டும்.
அப்புறம் கிளட்ச் தாங்காது,
அப்புறம் ஸ்டார்ட்டர்,
அப்புறம் உன் பேங்க், என்றான்.
தியாவின் வண்டியில் இருப்பது அதுதான்.

"எங்கே ஓட்டுற?"
மொன்டானா என்றேன், டகோட்டா என்றேன்.
அவன் ஓடோமீட்டரைப் பார்த்தான்.
சரி. ஞாயிற்றுக்கிழமை, கணவாய் வரை, திரும்ப வீடு.
மற்ற நாளெல்லாம் மஞ்சள் பஸ்,
நாற்பத்து மூன்று பிள்ளைகள்,
வாந்தி, கிட்டார் பெட்டி,
முப்பது மைலுக்கு மேல் போனால்
ஊரே என் பெயர் சொல்லும்.

இரவு, சமையலறை மேசை.
பெரிய தாள் பறக்காமல் உப்பு ஜாடி,
சின்ன தாளுக்கு என் முழங்கை.
அகலப்படுத்தலாம், குறுக்க முடியாது:
அதுதான் உறுத்தியது.
குடைந்த இரும்புத் தூள்
பட்டறை விளக்குமாற்றோடு போய்விடும்.
போனில் தியாவைக் கேட்டேன்.

"பெருசையே எடு," என்றாள் உடனே.
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவள் வீட்டு நாய் தண்ணீர் நக்குவது கேட்டது.
"ஜூலையில தொடை வெந்துபோகும். பாத்துக்கோ.
உச்சியில அரை மணி நேரம் ஆற விடணும்,
இல்லன்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாது.
காபிக்காகவா நிக்கிறேன்னு நெனச்ச?"

காபிக்காக என்று நினைக்கவில்லை, தியா.
எனக்காக என்று நினைத்திருந்தேன்.

அதைச் சொல்லவில்லை.
நாயின் பெயரைக் கேட்டேன்,
தெரிந்த பெயர்தான்.

திங்களன்று சின்ன தாளில் கையெழுத்துப் போட்டேன்.
ஏன் என்று வெண்டல் கேட்கவில்லை.
பழைய பிஸ்டன் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
ஒன்றில் இப்போது பஸ் சாவி கிடக்கிறது.

இன்று முதல் ஞாயிறு.
கைப்பிடி வழியாகத் தோள் வரை
புது நடுக்கம், தடிமனான குரல்.
நாலாவது வளைவில் எஞ்சின் கேட்கிறது:
இன்னும் கொடு, கொடு.
கொடுக்க முடியாது.
முதல் ஐந்நூறு மைலுக்கு விரட்டக் கூடாது,
வளையங்கள் சுவரோடு பழக வேண்டும்
என்று வெண்டல் டேங்கின்மேல்
டேப் ஒட்டி எழுதியிருக்கிறான்.

பின்னால் ஹாரன்.
ஒதுங்கி வழி விட்டேன்.
மாட்டு லாரி என்னை முந்திப் போனது,
பலகைக்குப் பலகை,
ஒவ்வொரு மூக்காக.